கரியிழை தேடி விடத்தல்தீவுக்கு

முருங்கன் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது. ஓட்டுநர் முன்பக்கம் இறங்கிப் பார்த்தார், நடத்துநர் பின்பக்கம் இறங்கிப் பார்த்தார். இருவரும் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என்னவென்று கேட்டேன்.

"போன மாசமும் இதிலதானாம் நிண்டது. பஸ்ஸுக்கு முருங்கன் பிடிச்சுப்போச்சு எண்டு சொல்லுறார்" என்று மொழிபெயர்த்தார்.

எங்கள் கோயம்புத்தூரில் இந்நேரம் நடத்துநரைச் சுற்றி ஒரு கூட்டம் கூடியிருக்கும். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று ஒருவர் சட்டம் பேசியிருப்பார். இங்கே எல்லோரும் சத்தமில்லாமல் இறங்கி, சாலையோரத் தேநீர்க் கடைக்குப் போய்விட்டார்கள். நானும் போனேன். பால் இல்லாத தேநீருக்கு இங்கே பிளேன்ரீ என்று பெயர். எங்கள் ஊரில் பால் இல்லாத டீயை வயிற்றுப்போக்கு வந்தவருக்குத்தான் கொடுப்போம். இவர்கள் உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, அதை ஒரு நக்கு, தேநீரை ஒரு மிடறு என்று குடித்தார்கள். நானும் அப்படியே குடித்துப் பார்த்தேன். இரண்டாவது கோப்பைக்கும் சீனி கேட்டு வாங்கினேன்.

"எங்க போறீங்கள்?" என்று கேட்டார் பக்கத்து இருக்கைப் பெண்.

"விடத்தல்தீவுக்கு. பழைய வலை எடுக்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தியாவில கிழிஞ்ச வலை இல்லையோ?"

நியாயமான கேள்வி. எங்கள் இயக்குநரிடம் நானும் இதையேதான் கேட்டேன். ராமேஸ்வரம் கடற்கரையில் காலை வைத்தால் பழைய வலை தடுக்கும். ஆனால் நாங்கள் செய்துகொண்டிருந்தது இரண்டு நாடுகள் கூட்டாகச் செய்யும் ஆய்வு. ஆய்வுக்கூடம் எங்களுடையது, குப்பை இவர்களுடையது என்று யாரோ பெரியவர்கள் பங்கு பிரித்திருந்தார்கள். அரசாங்கக் காகிதத்தில் வந்துவிட்டால் குப்பைக்கும் குடியுரிமை உண்டு.

என்ன ஆய்வு என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரியிழை என்று ஒன்று இருக்கிறது. கரியாலேயே ஆன நூல். தலைமுடியைவிட மெல்லியது, கையில் வைத்தால் எடையே தெரியாது, இழுத்தால் இரும்போடு போட்டி போடும். விமான இறக்கையிலிருந்து பந்தய சைக்கிள் வரைக்கும் அதில் செய்கிறார்கள். கரியை நேரடியாக நூலாக நூற்க முடியாது. அதனால் ஒரு பிளாஸ்டிக் நூலை எடுத்து, அது நூலாக இருக்கும்போதே கரியாக்க வேண்டும். காற்றே புகாத உலையில் வைத்துச் சுட்டால் மற்றதெல்லாம் ஆவியாகப் போய், கரி மட்டும் நூல் வடிவத்தில் மிஞ்சும்.

சொல்வதற்கு எளிது. ஆனால் பிளாஸ்டிக்கைச் சுட்டால் உருகிவிடும் என்பது அடுப்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் டப்பாவை மறந்து வைத்த எல்லோருக்கும் தெரியும். உலையில் வைப்பதற்கு முன்னால் அந்த உருகுகிற குணத்தை எடுத்துவிட வேண்டும். உலகம் முழுவதும் இதற்கென்றே அக்ரிலிக் வகை நூல் ஒன்றைத் தயாரிக்கிறார்கள். யானை விலை. நாங்கள் வாளியும் கயிறும் வலையும் செய்கிற சாதாரணப் பாலிதீனில் முயன்றுகொண்டிருந்தோம். பாலிதீன் நூலைச் சூடான கந்தக அமிலத்தில் ஊறவைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, உருகுவதை மறந்துவிடும். பிறகு உலைக்குப் பயப்படாது.

விடத்தல்தீவில் பெண்கள் சங்கம் ஒன்று கரையில் ஒதுங்கும் பாலிதீன் வலைகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. முதல் பொதியை எங்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அமிலத்தில் போட்டோம். இழைக்குப் பதிலாகக் கறுப்புக் களிதான் கிடைத்தது. அதில் நைலான் கலந்திருந்தது. நைலான் அந்த அமிலத்தில் கரைந்துவிடும். பாலிதீன் மட்டும் அனுப்புங்கள் என்று அழுத்தமாக எழுதினோம். இரண்டாவது பொதியும் வந்தது. மறுபடியும் களி.

"நீயே போய்ப் பார்த்து எடுத்துக்கொண்டு வா" என்றார் இயக்குநர். "இந்த முறையும் களி கிண்டினால் அந்த ஊர்ச் சங்கத்தை விட்டுவிடலாம்."

அப்படித்தான் வந்தேன். கடலைக் கண்டால் தலைசுற்றும் எனக்கு. எப்படி வந்து சேர்ந்தேன் என்ற கதை வேண்டாம், அது விமான நிலையங்களில் தூங்கியவளின் கதை.

பஸ் தானாகவே மறுபடியும் உயிர் பெற்று, இருட்டுவதற்குள் மன்னார் பட்டினத்தில் இறக்கிவிட்டது. விடுதி வாசலில் மூன்று கழுதைகள் வழி மறித்து நின்றன. எங்கள் ஊரில் மாடு நிற்கும் இடத்தில் இங்கே கழுதை நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டுக்கும் ஹாரன் சத்தம் காதில் விழுவதில்லை. இரவு இடியப்பமும் நண்டுக் கறியும் சாப்பிட்டேன். பரிமாறிய பையன் நண்டை உடைத்துத் தரட்டுமா என்று கேட்டான். கோயம்புத்தூர்க்காரி என்பது முகத்திலேயே எழுதியிருந்தது போலும். வேண்டாம் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் அந்த நண்டோடு மல்லுக்கட்டினேன். ருசி அப்படி, தோற்றாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் காலை ஓட்டோவில் பாலத்தைத் தாண்டி, பெருநிலப் பக்கமாக வடக்கே போனேன். இரண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், அதில் நின்றபடியே மனிதர்கள் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை சுற்றவில்லை. முழங்கால் அளவுக் கடலைக் கண்டு பயப்படுவதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

சங்கத் தலைவி வயலற் அக்கா வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நல்ல உரத்த குரல். அவர் கணவர் சந்தியாம்பிள்ளை அண்ணன் மீன்பிடிக்கிறவர், அதிகம் பேசாதவர். பேசும்போது மட்டும் எல்லோரும் சிரிப்பார்கள்.

"வாங்கோ மிஸ். முதல்ல சாப்பிடுங்கோ, வலை எங்கயும் ஓடாது" என்றார் வயலற் அக்கா.

பிட்டும் மீன் சொதியும் திருக்கை வறையும். திருக்கையை உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு வறுத்திருந்தார். எங்கள் வீட்டில் மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம், அதோடு கதை முடிந்தது. நான் மூன்றாவது முறை பிட்டுக்குத் தட்டை நீட்டியபோது சந்தியாம்பிள்ளை அண்ணன், "இவ வலைக்கு வந்தவவோ, வறைக்கு வந்தவவோ" என்று மனைவியைக் கேட்டார்.

சாப்பிட்டதும் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சங்கத்துப் பெண்கள் அங்கே காத்திருந்தார்கள். நடுவில் பச்சை வலைகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அடுக்கி என்றால், கல்யாண வீட்டில் சீர்வரிசைப் புடவை அடுக்குவது போல. மேலே இருந்த ஒன்றை விரித்துக் காட்டினார்கள். கடலில் கிடந்து வெளுத்த பாலிதீன் வலைதான், எனக்கு வேண்டிய சரக்குதான். ஆனால் அதில் ஒரு கிழிசல்கூட இல்லை. கிழிந்த இடங்களையெல்லாம் வெள்ளை நூலால் கண் கண்ணாகப் பின்னி, முடிச்சுப் போட்டு, புது வலை போல ஆக்கியிருந்தார்கள்.

வெள்ளை நூலை நிமிண்டிப் பார்த்தேன். நைலான்.

"இது என்னங்க்கா?"

"பொத்தினது மிஸ்."

"எதுக்குங்க பொத்தினீங்க?"

வயலற் அக்காவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "கிழிஞ்ச வலையைப் பிற ஊருக்குக் குடுக்கிறதோ? எங்கட ஊரில ஒரு வலையை வித்தாலும் சரி, சும்மா குடுத்தாலும் சரி, பொத்திப்போட்டுத்தான் கையில குடுக்கிறது. கிழிசலோட குடுத்தா அந்த வீட்டுப் பொம்பிளையளைப் பற்றி என்ன கதைப்பினம்? இது கடல் கடந்தெல்லோ போகுது."

"முதல் ரெண்டு பொதியும்?"

"அதுகளும்தான். அது இதைவிட வடிவாய்ப் பொத்தினது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கோயம்புத்தூரில் இரண்டு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். தரம் பிரிக்கத் தெரியவில்லை இவர்களுக்கு என்று முடிவுகட்டி, பாலிதீனுக்கும் நைலானுக்கும் வித்தியாசம் என்ன என்று படம் வரைந்தெல்லாம் அனுப்பினோம். இவர்கள் பிறந்தது முதல் இரண்டையும் கையில் வைத்திருப்பவர்கள். பாலிதீனை மட்டும்தான் மிகச் சரியாகப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். பிறகு அதை மரியாதையாக அனுப்ப வேண்டும் என்று நைலானால் பொத்தியிருந்தார்கள்.

கோபத்தைத் தொடர்ந்து சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. நைலான் அமிலத்தில் என்ன ஆகும் என்று களிக்கதையைச் சொன்னேன். முதலில் அவர்களும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பெண் கேட்டார், "அப்ப இதெல்லாத்தையும் திருப்பி வெட்டோணுமோ?"

வெட்டத்தான் வேண்டும். கத்திகளும் கத்தரிக்கோல்களும் வந்தன. பொத்திய இடங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தோம். யாருடைய முடிச்சு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "இது றீற்றாவின்ர", "இது என்ர" என்று சொல்லிச் சொல்லி வெட்டினார்கள். குப்பை வலைக்கு இத்தனை விரல்கள் உழைத்திருக்கின்றன, அதை நான் வந்து அவிழ்க்கச் சொல்கிறேன். சிரித்ததற்காக எனக்கு வருத்தமாக இருந்தது.

மாலையில் மற்றவர்கள் போன பிறகு, வெட்டிய வலையைச் சாக்கில் கட்டிக்கொண்டே வயலற் அக்கா கேட்டார். "இனிச் சரிவருமோ மிஸ்?"

"கோயம்புத்தூர் போய் அமிலத்துல வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேங்க்கா."

அவர் சாக்கின் வாயை இறுக்கினார். "போய்ச் சொல்லுறம் எண்டுதான் எல்லாரும் போறவை. கடல்பாசிக்கு வந்தவை, நண்டுப் பண்ணைக்கு வந்தவை, படம் எடுத்தவை. ஒருத்தரும் சொன்னதில்லை. ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. இந்தப் பிள்ளையளைக் கருவாட்டு வேலையில இருந்து மறிச்சு நான்தான் இதுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான். ஒவ்வொரு நாளும் என்னைத்தான் கேக்குதுகள். எதெண்டாலும் இஞ்ச வச்சுச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

அமிலச் சோதனையை இங்கே செய்ய முடியுமா என்று அப்போதுதான் யோசித்தேன். உலை இல்லை. ஆனால் பாதி வேலை உலைக்கு முன்னாலேயே இருக்கிறது. அமிலத்தில் ஊறிய இழை நெருப்பில் உருகாமல் நின்றால் மீதியை நம்பலாம். உருகினால் அங்கேயே தெரிந்துவிடும்.

"இங்க ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி லேப் இருக்குங்களா?"

சந்தியாம்பிள்ளை அண்ணன் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு இரசாயன ஆசிரியரைத் தேடிப் போய்விட்டார்.

ஆசிரியர் ஜெயந்தன் முருங்கன் பக்கத்து நெல்வயல்காரர். வார நாளில் இங்கே அறை எடுத்துத் தங்கிப் படிப்பிக்கிறார். சனிக்கிழமை காலை வயலுக்குப் போக வேண்டியவர், எனக்காக நின்றார். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தின் அலுமாரியைத் திறந்து, கந்தக அமிலப் போத்தலைப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி வந்தார்.

"மிஸ், இது வருசம் முழுக்கப் பிள்ளையளுக்குக் காணவேணும். பாத்து ஊத்துங்கோ" என்றார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதைக் கேன் கேனாக ஊற்றுவோம் என்று நான் சொல்லவில்லை.

உள்ளே புகைபோக்கி இல்லை என்பதால், கடற்காற்று நன்றாக வீசும் பின்முற்றத்தில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தோம். அடுப்பில் மணல் நிரப்பிய சட்டி, மணலுக்குள் அமிலக் குவளை, குவளைக்குள் வெப்பமானி. வலையிலிருந்து உருவிய இழைகளைக் கண்ணாடித் துண்டுகளில் இழுத்துக் கட்டினேன். இழுத்துக் கட்டாவிட்டால் சுருங்கிச் சுருண்டுவிடும். எல்லோரையும் காற்று வரும் பக்கமாக நிற்கச் சொல்லிவிட்டு இழைகளை இறக்கினேன்.

இதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. இழை பழுப்பாகும், அப்புறம் கறுக்கும். மதியம் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சங்கத்துப் பெண்கள் முறை வைத்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் அவியேல்ல" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நடுவில் பாண் என்று இவர்கள் சொல்லும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பொரித்த முரலும் வந்தன. முரல் மீனுக்கு மூக்கு நீளம், முள்ளும் அதிகம். ஜெயந்தன் சார் அதைச் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் அவரை நெல்வயல்காரர் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரே தொல்லை காற்றுதான். அடுப்பு அணைவதும் மூட்டுவதுமாக இருந்தது. வயலற் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு பழைய வெள்ளைத் தறப்பாளைக் கொண்டுவந்து, இரண்டு கதிரைகளுக்கு நடுவே கட்டி மறைப்பு வைத்தார். நாங்கள் தார்ப்பாய் என்று சொல்வதைத்தான் இவர்கள் தறப்பாள் என்கிறார்கள், நாற்காலியைக் கதிரை என்கிறார்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் முத்திரை அதில் இருந்து, வெயிலில் அழிந்திருந்தது. அதற்குப் பிறகு அடுப்பு அணையவில்லை.

இழைகளை ஆறவிட்டு, கழுவி, உலர்த்தி எடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முதலில் அமிலம் படாத இழையை லைட்டர் நெருப்பில் பிடித்தேன். சுருங்கிச் சொட்டியது. அடுத்து அமிலத்தில் ஊறியது. கறுப்பாக, சிவந்த கனலோடு, உருகாமல் நின்றது. பெண்கள் கை தட்டினார்கள். வயலற் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

நான் இன்னும் ஒன்று பார்க்க வேண்டியிருந்தது. நெருப்பில் நின்ற இழையைக் குறுக்கே வெட்டி, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வைத்தேன். நடுவில் ஓட்டை. இன்னொன்று வெட்டினேன். அதிலும் ஓட்டை. வலை இழை தடிமன். அமிலம் தோல் வரைக்கும்தான் போயிருக்கிறது, உள்ளே போகவில்லை. தோல் கரியாக நின்றது, நடு உருகி ஓடிவிட்டது. மிஞ்சியது ஒரு மெல்லிய குழாய். இழுத்தால் பட்டென்று ஒடிந்தது.

'முதல் கட்டம் நல்லா வந்திருக்கு, மீதியைப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்' என்று ஒரு வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. அதில் பொய்யே இல்லை. கை தட்டியவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள், நானும் இரவுச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

"ஆகாதுங்க்கா" என்றேன். "இந்த வலை ஆகாது. நூல் தடிமனா இருக்கு. வெளியே மட்டும்தான் வெந்திருக்கு, உள்ளே வேகல. உங்க மேல தப்பில்ல, வலை சுத்தமான பாலிதீன்தான். ஆனா இதுல நாங்க கேக்கற இழை வராது."

நுண்ணோக்கியில் அவரையே பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்றப் பெண்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். "வடிவாய்ப் பாருங்கோ, நடு இல்லை. இதுதான் விசயம்" என்று அவரே விளக்கம் சொன்னார். சாக்கைக் கொட்டிலிலேயே வைத்துவிடுவோம் என்று ஒரு பெண் சொன்னார். வயலற் அக்கா ஓம் என்றார்.

ஜெயந்தன் சார் போத்தலை அலுமாரியில் வைக்கப் போனார். நான் மனசு கெட்டுப் போய் மறைப்பைப் பிரிக்கப் போனேன். கதிரைக் காலில் கட்டியிருந்த தறப்பாளின் கரை கந்தலாகி, நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றை உருவினேன். நூல் இல்லை அது. தட்டையான நாடா. வெங்காயத் தோல் போல மெல்லிசு, அமிலம் நடு வரைக்கும் போய்விடும். தறப்பாளைப் பாலிதீன் நாடாவில்தான் நெய்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடமாக நெசவுத் துறையில் இருக்கிறேன். காலையிலிருந்து அதன் நிழலிலேயே உட்கார்ந்திருக்கிறேன், தோன்றவே இல்லை.

"சார், அலமாரியைப் பூட்டாதீங்க" என்று கத்தினேன்.

ஆனால் மண்ணெண்ணெய் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்வரைக்கும் பொறுத்திருக்கச் சொன்னார்கள். நானும் அவர்களோடு சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தேன். பாட்டு நன்றாக இருந்தது. பிரசங்கம் எங்கள் ஊர்ப் பட்டிமன்றத்தைவிடச் சுருக்கம். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும், "இண்டைக்குத் தறப்பாளோ மிஸ்?" என்று காதில் கேட்டார்கள்.

இந்த முறை பின்முற்றத்தில் வயலற் அக்காவும் அண்ணனும் சாரும் நானும் மட்டும்தான். மற்றவர்களை வர வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். இன்னொரு தடவை கை தட்ட வைத்து ஏமாற்றக் கூடாதாம். தறப்பாளின் கரையிலிருந்து நாடாக்களை உருவிக் கண்ணாடியில் கட்டி இறக்கினேன். நாடா சீக்கிரமே கறுத்தது. நான் அவசரப்படவில்லை. நன்றாக ஊற விட்டேன்.

கழுவி, உலர்த்தி, நெருப்புக்குப் போவதற்கு முன்னாலேயே ஒன்றை வெட்டிப் பார்த்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே கறுப்பு. சாரைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு லைட்டரை என் கையில் தந்தார்.

அதை வயலற் அக்கா வாங்கிக்கொண்டார். "நான் பிடிக்கிறன் மிஸ்."

அமிலம் படாத வெள்ளை நாடாவை முதலில் பிடித்தார். சுருண்டு, மெழுகு வாசத்தோடு மணலில் சொட்டியது. பிறகு கறுப்பு நாடா. நுனி சிவந்தது. சொட்டவில்லை. நெருப்பை எடுத்ததும் சிவப்பு அடங்கியது, நாடா அப்படியே இருந்தது. நானே அதை வெட்டி மறுபடியும் பார்த்தேன். நடு இருந்தது.

"இது சரிவருமோ?"

"முதல் படி தாண்டிருச்சுங்க்கா. இன்னும் உலை இருக்கு, அதுல என்ன ஆகும்னு சுட்டுப் பார்த்தாத்தான் தெரியும். வலு எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல மாட்டேன். ஆனா இது உருகாது. அதை இங்கயே சொல்றேன்."

"உருகாது" என்று அவரும் ஒருமுறை சொன்னார். நாடாவின் மற்ற நுனியையும் நெருப்பில் பிடித்தார். அதுவும் சிவந்து, அடங்கி, நின்றது. இன்னொரு நாடாவை எடுத்து அதையும் பிடித்தார். நம்பாமல் செய்கிறார் என்று நினைத்தேன்.

"சண்டை நேரம் ஊரை விட்டு ஓடி, கடைசியா வவுனியா முகாமில இருந்தனாங்கள் மிஸ். இந்தத் தறப்பாள்தான் வீடு" என்றார். "அங்க இருந்த காலம் முழுக்க நான் இதுக்குக் கீழ அடுப்பு மூட்டினதில்லை. பக்கத்துக் கூடாரத்தில ஒரு பொறி பட்டு, உருகி, படுத்துக்கிடந்த பிள்ளையின்ர முதுகில ஊத்தினது. அதைப் பாத்த பிறகு எனக்கு நெருப்புப் பெட்டியை உள்ளுக்கு வைக்கவும் பயம். மாரி மழைக்கையும் வெளியில நிண்டுதான் சமைச்சனான்."

"குடை பிடிச்சது நான்" என்றார் சந்தியாம்பிள்ளை அண்ணன்.

"ஓம், அடுப்புக்குப் பிடிச்சவர். எனக்கில்லை."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கிவிட்டது. சார் அடுப்பை அணைக்கப் போகிற மாதிரி குனிந்துகொண்டார்.

சோதனைக்கு ஒரு சாண் போதும், கரையிலிருந்து வெட்டிக்கொள்கிறேன் என்றேன். ஊரில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று மடித்து வைத்திருக்கிறார்கள், உலை ஓம் என்று சொன்னால் மற்றதைச் சங்கமே சேர்த்துத் தரும் என்று அண்ணன் சொன்னார். வயலற் அக்கா இரண்டையும் காதில் வாங்கவில்லை. கதிரைகளில் இருந்து தறப்பாளை அவிழ்த்தார். முற்றத்து மணலில் முழுவதுமாக விரித்து, மேலே கிடந்த மண்ணைக் கையால் தட்டினார். நான்காக மடித்து, இன்னும் சின்னதாக மடித்து, என் கையில் வைத்தார்.

"முழுசாய்க் கொண்டுபோங்கோ மிஸ். ஒரு துண்டும் விடாமல் உருகாததாய் ஆக்கிப்போடுங்கோ."